யாரும் படுக்காத கட்டில்

சம்பந்தி வீட்டு மோட்டர்ஹோம் விலைக்கு வந்திருக்கிற செய்தியை என் கணவர் விநாயகமூர்த்தி காலைத் தேத்தண்ணியோடு சேர்த்துச் சொன்னார். போனை மூக்கில் முட்டும் அளவுக்குக் கிட்டப் பிடித்திருந்தார். கண்ணாடியைத் தொலைத்துவிட்டுச் சில நாட்களாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் அவர். காதில் மாட்டுகிற காலில் ஆணி கழன்று போனதால் கறுப்பு நூல் சுற்றிய பழைய கண்ணாடி. புதிதாக ஒன்று வாங்குங்கோ என்றால் காதில் விழாது.

"ரதி, இஞ்ச பார். செபஸ்ரியன் ஆக்கள் வண்டியை விக்கப் போட்டிருக்கினம்."

நான் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

சம்பந்தி என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். என் மகள் பிரசாந்தியும் அவர்கள் மகன் கிரிஷானும் போன வருடம் பிரிந்துவிட்டார்கள். ஆகவே செபஸ்ரியனும் விக்ரோறியாவும் இப்போது எங்களுக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியாது. முன்னாள் மனைவி, முன்னாள் கணவன் என்று பிள்ளைகளுக்காவது ஒரு பெயர் இருக்கிறது. முன்னாள் சம்பந்தி என்று யாராவது சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பிரிந்ததாவது ஒழுங்காகப் பிரிந்தார்களா என்றால் அதுவும் இல்லை. கத்திக் குழறி, கதவை அடித்துச் சாத்தி, ஒருவர் மேல் பிழை என்று தெரிந்திருந்தால் கோபிக்க ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, எங்கள் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஏதோ வீடு மாறப் போகிறவர்கள்போலச் சொன்னார்கள். "வீ ஆர் ஓகே, அம்மா. வீ ஆர் ஸ்டில் ஃப்ரெண்ட்ஸ்." பிறகு பிரசாந்தி வாடகை வீட்டுக்குப் போனபோது அலுமாரி தூக்கிக் கொடுத்ததும் கிரிஷான்தான். கலியாணத்துக்கு எங்கள் நாலு பேரையும் கேட்டார்கள். பிரிவதற்கு ஒருவரையும் கேட்கவில்லை. பிரிந்த அவர்கள் சிநேகிதம். பிரியாத எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கதைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விக்ரோறியா எடுப்பார் என்று நான் இருந்தேன். நான் எடுப்பேன் என்று அவர் இருந்திருப்பார். கோயிலுக்கு வருகிற மரகதம் அங்கே என்னைப் பிடித்து வைத்து, "இனி அவையோட உங்களுக்கு என்ன கொண்டாட்டம்?" என்று கேட்டாள். ஊருக்கு அது முடிந்துபோன கதை. நாள் போகப் போக, போனைத் தூக்குவது இன்னும் பாரமாகிவிட்டது. ஒருமுறை இங்கே ஒக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் தூரத்தில் ஒருவரையொருவர் கண்டோம். கண்டவுடன் இரண்டு பேரும் ஆளுக்கொரு கடைக்குள் பாய்ந்தோம். நான் பாய்ந்தது தூண்டில் விற்கிற கடை. மீன் முள்ளையே ஒழுங்காக எடுக்கத் தெரியாத நான், அங்கே நின்று நைலோன் நூலைத் தடவிக்கொண்டு அழுதேன்.

விளம்பரத்தில், உள்ளேயே படுத்து எழும்ப இடமுள்ள அந்த வண்டியின் படங்கள் இருந்தன. வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் செம்மஞ்சள் கோடு, பின்பக்கம் அகலமான ஜன்னல். எங்கள் நாலு பேருக்காகவும் வாங்கிய வண்டி அது. நாங்கள் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்ட பயணங்கள் ஒன்றுகூட அதில் நடக்கவில்லை. முதலில் கொரோனா வந்தது. பிறகு என் கணவருடைய முதுகு வலி. பிறகு பிள்ளைகள் வந்து சோபாவில் இருந்தார்கள்.

அந்த வண்டியை அவர்கள் ஏன் வாங்கினார்கள் என்று சொல்வதானால் நான் பிரான்சுக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளின் கலியாணத்துக்கு அடுத்த கோடையில் விக்ரோறியாவின் தங்கை மகளுக்குப் பாரிசில் கலியாணம் வந்தது. சம்பந்திகள் என்ற முறையில் எங்களுக்கும் அழைப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்து, கலியாணம் முடிந்த பிறகு நாங்கள் நாலு பேரும் பிரான்சைச் சுற்றிப் பார்க்க ஒரு மோட்டர்ஹோம் பதிவு செய்து தந்தார்கள். நாலு பேரும் பழகி ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆட்களில் சம்பந்தி என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. சம்பந்திக்கு முன்னால் கால் நீட்டி இருக்கக் கூடாது. சம்பந்தி சாப்பிட முதல் சாப்பிடக் கூடாது. அப்படிப்பட்ட நாலு பேரை, ஒரே ஒரு ரொயிலற் உள்ள பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்கள்.

வண்டி ஓட்டியது விக்ரோறியா. என் கணவர் எல்லர்ஸ்லியில் ஒரு கட்டிட நிறுவனத்தில் மேசைக்கு முன்னால் இருந்தே ஓய்வு பெற்றவர். வீதியின் வலது பக்கத்தில் ஓட்டச் சொன்னால் வேர்த்துவிடும். செபஸ்ரியன் மவுண்ட் வெல்லிங்டனில் அடிபட்ட கார்களுக்குத் தகரம் தட்டுகிறவர். அடிபடாத வண்டியில் அவருக்கு ஆர்வமில்லை. விக்ரோறியாவோ ஒக்லாந்தில் பஸ் ஓட்டியவர். வண்டித் திறப்பை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருத்திவிட்டு, மன்னாரில் பிறந்த அந்தச் சின்ன உருவம் பாரிஸ் சுற்றுவட்டப் பாதையில் லொறிகளுக்கு நடுவே புகுந்தபோது நான் கண்ணை மூடிக் கதிர்காமக் கந்தனைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது நகரமே பின்னால் போய்விட்டிருந்தது.

வண்டிக்குள் மூன்று படுக்கைகள். சாரதிக்கு மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு பரண். சாப்பாட்டு மேசையை மடக்கி விரிக்கிற ஒரு பலகை. பின்பக்கத்தில், ஜன்னலோடு, தடித்த மெத்தையும் தலைமாட்டு விளக்குகளுமாக ஒரு நல்ல கட்டில். முதல் நாள் பின்னேரமே பிரச்சினை தொடங்கிவிட்டது.

"சம்பந்தியம்மா, நீங்கள் ரெண்டு பேரும் பின்னுக்குப் படுங்கோ," என்றேன் நான். மாப்பிள்ளையைப் பெற்றவர்களை ஏணியில் ஏற்றிவிட்டு நாங்கள் மெத்தையில் புரண்டால் ஊர் என்ன சொல்லும்? பிரான்சில் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருக்கிறது. மறுநாளே கதை ஒக்லாந்துக்கு வந்துவிடும்.

"ஐயோ, அதெப்பிடி? அண்ணைக்கு முதுகு நோ. நீங்கள்தான் படுக்கோணும்," என்றார் விக்ரோறியா.

"முதுகுக்குப் பலகைதான் நல்லதாம் சம்பந்தி. டொக்ரர் சொன்னவர்," என்றார் இவர். எந்த டொக்ரரும் அப்படிச் சொன்னதில்லை.

"எனக்கு உயரத்தில படுத்தாத்தான் நித்திரை வரும்," என்றார் செபஸ்ரியன். அதுவும் பொய்.

கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் ஏணியில் ஏறினார்கள். நாங்கள் பலகையில் படுத்தோம். நல்ல கட்டிலில் லா சப்பலில் வாங்கிய அரிசி மூட்டை படுத்தது. பக்கத்தில் கறித்தூள் பைகள், செபஸ்ரியனின் கூலிங் கிளாஸ் பெட்டி, இரண்டு குடை. பயணம் முடியும் வரைக்கும் அப்படித்தான். காலையில் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நித்திரை" என்று ஒருவருக்கொருவர் சொல்லுவோம். அரிசி மூட்டை மட்டும் உண்மையிலேயே நன்றாக நித்திரை கொண்டது.

ரொயிலற் கதை இன்னும் மோசம். கழிவுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் முகாம் மூலையில் கொட்டிக் கழுவ வேண்டும். சம்பந்தியை அதைத் தூக்க விடலாமா? இவர் ஒருநாள் விடியமுன் எழும்பிப் போய்க் கொட்டிவிட்டு வந்தார். மறுநாள் செபஸ்ரியன் அதற்கும் முன்னால் எழும்பினார். அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் இருட்டில் பெட்டியின் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கோ சம்பந்தி", "நீங்கள் விடுங்கோ சம்பந்தி" என்று இழுபறிப்பட்டதைப் பக்கத்து வண்டி ஜேர்மன்காரர் கோப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார்.

லியோன் தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தில் நல்ல மழை. முதுகுப் பை போட்ட இளம் சோடி ஒன்று ஓடி வந்து, அவிஞ்ஞோன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவீர்களா என்று கேட்டது. விக்ரோறியா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஒக்லாந்து பஸ் தரிப்பிடங்களில் சொல்லிப் பழகிய அதே இனிமையோடு, "சொறி டியர், பஸ் ஃபுல்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் அரிசி மூட்டை கால் நீட்டிக் கிடந்தது. விக்ரோறியாவும் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அவிஞ்ஞோன் பழைய நகரம். சுற்றிவரக் கல் மதில். எங்கள் வண்டி அந்த வாசல்களுக்குள் நுழையாது என்பதால், ஆற்றுக்கு நடுவே இருக்கிற தீவில் முகாமில் விட்டுவிட்டு, சின்னப் படகில் அக்கரைக்குப் போனோம். ஒரு காலத்தில் பாப்பரசர்கள் ரோமை விட்டு அங்கே வந்து இருந்தார்களாம். அவர்களுடைய மாளிகை கோட்டைபோல நிற்கிறது. விக்ரோறியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்தியோடு உள்ளே நுழைந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குப் பின் மண்டபமாக வெறும் சுவர்.

"இவ்வளவு பெரிய வீடு. ஒரு கதிரை இல்லை," என்றேன்.

விக்ரோறியா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

வெளியே வந்து பாலத்துக்குப் போனோம். அந்தப் பாலம் ஆற்றின் நடுவே அறுந்து நிற்கிறது. நாலு வளைவுதான் மிச்சம். மறுகரைக்குப் போகாத பாலத்துக்கு டிக்கெட் எடுத்து ஏறுகிற சனம் நாங்களாகத்தான் இருப்போம் என்று நினைத்தால், முன்னால் பெரிய வரிசை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இவர் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்: வெள்ளம் வந்து உடைக்க உடைக்கத் திருப்பித் திருப்பிக் கட்டினார்களாம், ஒரு கட்டத்தில் போதும் என்று விட்டுவிட்டார்களாம். பாலத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது. விக்ரோறியா முழங்காலில் இருந்தார். நானும் பக்கத்தில் நின்று கையைக் கூப்பினேன். இரண்டு பேரும் பிள்ளைகளுக்காகத்தான் கும்பிட்டிருப்போம். எங்களுக்காகக் கும்பிட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் சந்துகளுக்குள் வழி தவறினோம். சோவென்று மழை. ஒரு வீட்டின் கல் வளைவுக்குக் கீழே, பையில் இருந்த அப்ரிகொட் பழங்களோடு படியில் குந்தினோம். விக்ரோறியா ஒரு பழத்தைப் பிளந்து பாதியை எனக்குத் தந்தபடி, மிக மரியாதையான குரலில், "சம்பந்தியம்மா, இண்டைக்கு விடிய பெட்டியை ஆர் கொட்டினது?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவரும் தொடங்கினார். பழச்சாறு மூக்கில் ஏற, கண்ணால் தண்ணீர் ஓட, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குடை பிடித்துப் போன ஒரு பிரெஞ்சுக் கிழவர் நின்று எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். கட்டிலைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நான் ஒக்லாந்துக்கு வந்து அரைவாசிச் சீவியம் போய்விட்டது. வேலை, பிள்ளை, மோட்கேஜ் என்று ஓடியதில் எனக்கென்று ஒரு சிநேகிதி இருந்ததில்லை. எனக்குக் கிடைத்த சிநேகிதி அந்தக் கல் வளைவுக்குக் கீழேதான் கிடைத்தார்.

"நாங்கள் இருக்கிற நாட்டையே நாங்கள் இன்னும் வடிவாப் பார்க்கேல்லை," என்றார் விக்ரோறியா, மழை விட்ட பிறகு. "திரும்பிப் போய் இப்பிடி ஒரு வண்டி வாங்குவம். நாலு பேரும் வடக்கு முனையில இருந்து தெற்கு முனை மட்டும் போவம். என்ன?"

"போவம்," என்றேன்.

சொன்னபடியே அவர்கள் வாங்கினார்கள். இப்போது விற்கப் போட்டிருக்கிறார்கள். அந்த வண்டியும் போய்விட்டால், நானும் விக்ரோறியாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இந்த நகரத்தில் எந்தக் காரணமும் மிஞ்சாது. செத்த வீடுகளில் தூரத்தில் நின்று தலையாட்டுவோம். அவ்வளவுதான்.

நான் இவருடைய போனைப் பறித்தேன். விளம்பரத்தின் கீழே, வண்டியைப் பார்க்க வரலாமா என்று ஆங்கிலத்தில் எழுதி, ரதிதேவி என்று என் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

"என்ன, வாங்கப் போறியோ?" இவர் முகத்தில் ஒரு மாதிரியான கலவரம்.

"ஏன், நான் வாங்கினா வண்டி ஓடாதோ?"

பதிலும் ஆங்கிலத்தில் வந்தது. இன்று பின்னேரம் வரலாம், நாளைக்கு ஹமில்டனில் இருந்து ஒருவர் பார்க்க வருகிறார், இப்படிக்கு விக்ரோறியா. முன்பின் தெரியாத இருவர் எழுதிக்கொண்டதுபோலவே இருந்தது.

பின்னேரம் நான் தனியாகப் போனபோது, மனுகாவ் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருக்கிற அவர்கள் வீட்டு வாசலில் விக்ரோறியா திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை.

"வாங்கோ," என்றார். அதற்குப் பிறகு வருகிற சம்பந்தியம்மா என்ற சொல் வரவில்லை.

"எப்பிடி இருக்கிறியள்..." என்றேன். என்னுடையதும் பாதியில் நின்றது.

அவர் விற்கிறவராகவும் நான் வாங்குகிறவளாகவும் வண்டியைச் சுற்றி வந்தோம். ரயர் புதுசு என்றார். நான் காலால் தட்டிப் பார்த்தேன். ரயரைத் தட்டினால் என்ன தெரியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒழுக்கு இருக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். மருமகளையோ மகனையோ பற்றி ஒரு சொல் இல்லை.

"ஓடிப் பார்க்கப் போறியளோ?"

"நீங்கள் ஓடுங்கோ. நான் பக்கத்தில இருந்து பார்க்கிறன்."

மாங்கெரே பாலத்தடிக் கடற்கரைக்குப் போனோம். வானம் இருண்டு கிடந்தது. பிரேக்கை மெதுவாக அழுத்தி, பின்னால் இருப்பவர்களுக்கு அலுங்காமல் திருப்பங்களை எடுக்கிற அதே ஓட்டம். கண்ணை மூடினால் அவிஞ்ஞோனின் ரோன் நதிக் கரை. தண்ணீரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நடைபாலத்தில் மழைக்கோட்டுப் போட்டவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இந்தப் பாலம் முழுசாப் போகுது," என்றேன்.

அவர் உதட்டோரம் அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "வண்டி எண்ணெய் கனக்கக் குடிக்காது," என்றார்.

நான் முன்னால் சாமான் போடுகிற தட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. காலில் கறுப்பு நூல்.

"இது எங்கட இவற்ற கண்ணாடியெல்லோ!"

விக்ரோறியா ஸ்டியரிங்கைப் பார்த்தார். "ஓம். சனிக்கிழமையில வந்து போறவர். ரெண்டு பேரும் இதுக்குள்ள இருந்து கிரிக்கெட் பார்க்கிறவை. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறனான்."

சனிக்கிழமைகளில் இவர் லைப்ரரிக்குப் போகிறவர். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. எனக்குத் தலையில் கொதி ஏறியது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை! நான் அங்க தனிய இருந்து சுவரைப் பார்க்கிறன். இவை இஞ்ச தேத்தண்ணி குடிக்கினம். நீங்களாவது ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்சன்." அவர் ஸ்டியரிங்கை விரலால் தேய்த்தார். "தெரிஞ்சும் வரேல்லை எண்டு நினைச்சன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கார்ச் சத்தம் கேட்டா ஜன்னலுக்கால எட்டிப் பார்க்கிறனான், மற்றக் கதவும் திறக்குதோ எண்டு."

மழை கூரையில் விழத் தொடங்கியது.

"அப்ப ஏன் விக்கிறியள்?" என்று கடைசியில் கேட்டேன்.

"நாலு பேருக்கு எண்டு வாங்கினது. ரெண்டு பேர் கிரிக்கெட் பார்க்கிறதுக்கு வாசலில நிக்கோணுமோ? பார்க்கப் பார்க்க எனக்கு ஏலாமக் கிடக்கு."

அழுவதை அவருக்குக் காட்ட விரும்பாமல் எழும்பிப் பின்னால் போனேன். முழங்கால் வேறு கடுத்தது. பின்பக்கத்தில், அகன்ற ஜன்னலுக்குக் கீழே, அதே மாதிரி ஒரு கட்டில். மெத்தை புத்தம் புதியது. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. வண்டியோ பழையது, அதை ஏழெட்டு இடங்களுக்குக் கொண்டுபோனதாக விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும் போகேக்க எங்க படுக்கிறனீங்கள்?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"மேல."

"ஏணியிலயோ? இந்த வயசிலயோ? இதில படுக்கிறதுக்கு என்ன?"

விக்ரோறியா இருக்கையை விட்டு எழும்பி வந்து நின்றார். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"அண்ணைக்கு முதுகு நோவெல்லோ," என்றார். "நல்ல மெத்தையாப் பார்த்து எடுத்தது. அது உங்களுக்கு எண்டு வச்சது."

நான் அந்தப் பொலித்தீனைப் பார்த்தேன். பிள்ளைகள் பிரிந்த பிறகும் அது அங்கே கிடந்திருக்கிறது. விக்ரோறியாவும் செபஸ்ரியனும் ஏணியில் ஏறியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து கைக்கு வந்தது. உறையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். படார் என்று கிழிந்தது. சுருட்டி இழுத்துக் கீழே எறிந்தேன்.

"ஐயோ, என்ன செய்யிறியள்? நாளைக்கு ஆள் பார்க்க வருது!"

நான் செருப்பைக் கழற்றினேன். "நீங்கள் படுங்கோ" என்று அவரைக் கேட்கவில்லை. "நான் படுக்கட்டோ" என்றும் கேட்கவில்லை. ஏறிப் படுத்து, சம்பந்திக்கு முன்னால் நீட்டக் கூடாத காலை நன்றாக நீட்டினேன்.

முதுகு அப்படியே மெத்தைக்குள் இறங்கியது. அட கடவுளே, இதை விட்டுவிட்டா பிரான்ஸ் முழுக்கப் பலகையில் கிடந்தோம்!

விக்ரோறியா வாயைப் பிளந்தபடி நின்றார்.

"விக்ரோறியா," என்றேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? வந்து படும்."

அவர் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"தள்ளிப் படும்," என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து படுத்து வண்டிக் கூரையைப் பார்த்தோம். ஜன்னலில் மழை வழிந்தது. அவருடைய தோள் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

"ஒண்டு சொல்லட்டோ?" என்றேன். "உமக்குக் குறட்டை. பாரிசில இருந்து லூர்து மட்டும் நான் ஒரு பொட்டு நித்திரை கொள்ளேல்லை. விடிய எழும்பி நல்ல நித்திரை எண்டு பொய் சொன்னனான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உம்மட தேத்தண்ணி," என்றார், "சீனிப் பாணி. வாயில வைக்கேலாது. ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்கால ஊத்தினனான். அந்த ஜேர்மன்காரன் கண்டவன்."

அவிஞ்ஞோன் சிரிப்பு திரும்பி வந்தது. வண்டியே குலுங்கியிருக்கும். சிரித்து ஓய்ந்தபோது இரண்டு பேருக்கும் கண் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டோம்.

"பிள்ளையள்..." என்று தொடங்கினார் விக்ரோறியா.

"அவை தங்கட பாட்டில நல்லா இருக்கினம். விடும்."

"ஓம். விடுவம்."

கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டை தொடங்கியது. அதே குறட்டை, ஏணிக்கு மேலே இருந்து கேட்டதைவிடப் பக்கத்தில் இன்னும் பலமாக இருந்தது. இந்த முறை எனக்கு அது தொந்தரவாகவே இல்லை என்று சொன்னால் பொய். தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனாலும் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. நான் முழங்கையால் இடித்தேன். "எழும்பும். போன்."

அவர் கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தார். ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. ஹமில்டன்காரர். நாளைக் காலையில் வரட்டுமா, வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

விக்ரோறியா ஒரு கண்ணைத் திறந்து, காலை நீட்டிக் கட்டிலின் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"சொறி டியர்," என்றார். "பஸ் ஃபுல்."